பதினோரு சுற்று

சாவி என்றால் இடுப்பில் செருகுகிற சாவி இல்லை.
என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்பு,
தலையில் குறுக்குக் கம்பி.
பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் அரை டிக்கெட் கேட்பார்.
ஆறு வருடமாக எங்கள் கதவுக்குப் பின்னால்
நின்றபடி தூங்குகிறது.

மேற்குத் தெருவுக்குப் பதினோரு சுற்று.
ராவுத்தர் வீதிக்கு ஒன்பது.
பள்ளம் தாண்டிக் காலனிக்கு
முழுக்கத் திறந்தாலும் நூல் மாதிரிதான் போகும்.
மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு
விடியுமுன் மூன்றே முக்காலுக்கு விடவேண்டும்.
இது எந்தத் தாளிலும் இல்லை,
என் தோள்பட்டைக்குத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓவர்சியர் வருவார்.
"வெள்ளம் கிட்டுந்நுண்டோ?"
முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வெள்ளமா!
இரண்டு மாநிலம் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஆழியாற்றுத் தண்ணீர்
எங்கள் கடைமடைக்கு வருவதற்குள்
ஒரு எருமை குறுக்கே படுத்தால் நின்றுவிடும்.
"வருதுங்க சார்" என்று ரிஜிஸ்டரில் தமிழில் எழுதினேன்.
அவர் அதைக் கோலம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக்
கீழே ஒப்பு வைத்தார்.

மீட்டிங்கில் மைக் பிடிக்கத் தலைவர் இருக்கிறார்.
ஏணியில் ஏறித் தொட்டிக்குள் செத்த அணிலை எடுக்க,
பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கண் எரிய,
மாதம் நூறு ரூபாய்க்கு வாசல் வாசலாய் நின்று
வசை வாங்க
நான், மைமூன், காலனிச் செல்லி.

பங்குனியில் செல்லி வந்தாள்.
சத்தம் போடவில்லை.
வெறுங்குடத்தை என் வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டுக்
களை வெட்டப் போய்விட்டாள்.
மறுநாள் மூன்று குடம்.
நான்காம் நாள் நாற்பத்திரண்டு.
கோலம் போட இடமில்லை.

அன்றிரவு எவர்சில்வர் டம்ளரோடு கிளம்பினேன்.
வாயைக் குழாயில் கவிழ்த்து,
அடியில் காது வைத்தால் போதும்.
மைமூன் வீட்டு முன்னால் தண்ணீர் தூங்குகிற சத்தம்.
பள்ளத்து ஓரம், கள்ளுத் தோப்பு வேலிக்குள்,
தேங்காய் மட்டைக் குவியலுக்குக் கீழே
யாரோ உறுமுகிறார்கள்.
மட்டையை விலக்கினேன்.
அரைக் குதிரை மோட்டார். புதுசு,
மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறது.

டார்ச் பிடித்தவர் என் வீட்டுக்காரர்.
தோப்பு அவருடைய சொந்த அண்ணனுடையது.
டார்ச் அணைந்தது.
பேட்டரி தீரவில்லை.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பி வந்து மெயின் வால்வை அடைத்தேன்,
பதினொன்று, ஒன்பது, எல்லாம்.
எங்கள் வீட்டுக் குழாயும்தான்.

முதல் நாள் ஊர் வந்து கத்தியது.
தலைவர் போன் போட்டார்.
"லைன் பழுதுங்க."
"எங்கே?"
"தேடிட்டு இருக்கேன்."
இரண்டாம் நாள் மைமூன் தன் கிணற்றிலிருந்து
காலனிக்குச் சுமந்தாள், எட்டு நடை.
என் மகன் பள்ளிக்குக் குளிக்காமல் போனான்.
வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார்,
பிறகு கை கழுவத் தண்ணீர் இல்லாமல்
கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடியலில்
தொட்டி ஏணிக்கடியில் ஒரு சாக்கு மூட்டை.
உள்ளே மோட்டார்.
குங்குமம் துடைத்திருந்தது.
யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை,
வீட்டுக்காரர் கை நகத்தில் செம்மண் இருந்தது.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
லைன் பழுது. சரி செய்யப்பட்டது.
ஓவர்சியர் ஒப்பு வைத்தார்.

வைகாசியில் அண்ணன் மகளுக்குச் சீர்.
எங்களுக்கு அழைப்பில்லை.
சாப்பாட்டுக்கு லாரித் தண்ணீர் இறக்கினார்கள் என்று கேள்வி.

மூன்றே முக்கால்.
சாவியை இறக்கித் திருப்புகிறேன்.
முதலில் காற்றுத்தான் வரும், குழாய் இருமும்.
பிறகு பள்ளத்துக்கு அந்தப்பக்கம்
யாரோ முதல் குடத்தை வைக்கிற சத்தம்.
பிளாஸ்டிக். அடுத்தது அலுமினியம்.
நிறைய நிறையச் சத்தம் மெலிந்துகொண்டே போகிறது.

மேற்குத் தெரு வால்வு பத்தாவது சுற்றில் இறுகுகிறது.
எண்ணெய் விட வேண்டும்.
எண்ணெய்க்கு ரசீது கேட்கிறார்கள்.